ஃபேன் ஓடாத வகுப்பு

செங்கரட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நிறைகோல் வந்த அன்று முதலில் கைதட்டியவன் நான்தான். தட்டாமல் என்ன செய்வது? நிலவியல் துறையில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து, முனைவர் பட்டம் வாங்கி, தலை நரைத்து, என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் நான் கௌரவ விரிவுரையாளர்தான். மே மாதம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. மே மாதத்தில் இந்த ஆட்கள் சாப்பிடமாட்டார்கள் என்று மேலிடத்தில் யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும். நிரந்தரப் பணியிடம் கேட்டுப் போனால், காலி இல்லை அய்யணன் என்பார்கள். காலி இல்லாத அந்த நாற்காலிகள் பலவற்றில் மனிதர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வணிகவியலில் ஒரு பேராசிரியர் இருந்தார். புறவழிச்சாலையில் மனை விற்பது அவருக்கு முழுநேரத் தொழில். நினைத்துக்கொண்டால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவார். ஏன் என்று கேட்டவர்கள் கேட்ட சூட்டோடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். அதே வளாகத்தில் நுண்ணுயிரியல் துறையில் ஆள் இல்லாமல் ஆய்வகத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது எங்கள் நிர்வாகம். அதனால்தான், ஓட்டுநர் இல்லாத டவுன்பஸ் வந்து அதிலும் பிள்ளைகள் படியில் தொங்க ஆரம்பித்த அந்தக் காலத்தில், ஆட்களையும் அறைகளையும் கருவிகளையும் பங்கிட்டுக் கொடுக்க நிறைகோல் என்று ஒரு இயந்திர மூளையைக் கொண்டுவருகிறார்கள் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மந்திரியின் மச்சானை அதற்குத் தெரியாது, பாருங்கள்.

திட்டப் பிரிவுத் துணைப் பதிவாளர் ஆதிரை கலையரங்கத்தில் நின்று அதை விளக்கினார். சின்ன வயது, நேர்மையான பெண் என்று பெயர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"யார் நல்லா வேலை செய்றாங்கன்னு நிறைகோல் யாரையும் கேட்காது சார். கேட்டா எல்லாரும் நல்லாத்தான் செய்றதா சொல்லுவோம். ஒருத்தர் இல்லாதப்ப என்ன குறையுதுன்னு மட்டும் பார்க்கும். குறைஞ்சா அந்த இடம் வேணும். குறையலைன்னா அந்த இடம் வேற துறைக்குப் போகும். அவ்வளவுதான்."

எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். மாணவர்களிடம் இருக்கும் பலகைக் கணினியில் தினமும் நாலைந்து கேள்வி வரும், அதில் அவர்களுக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று தெரிந்துவிடும் என்றார் ஆதிரை. ஒருவர் விடுப்பில் போனால் அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எவ்வளவு சரிகிறார்களோ, அதுதான் அவருடைய இன்மை மதிப்பு. கூட்டம் முடிந்ததும் நான் எழுந்து நின்று தட்டினேன்.

நல்லதும் நடந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. வணிகவியல் பேராசிரியரின் இன்மை மதிப்பு பூஜ்யம் என்று வந்தது. ஆள் ஆடிப்போய்விட்டார். எங்கெங்கோ போன் போட்டார், இயந்திரத்திடம் எந்த போனும் பலிக்கவில்லை. அந்தப் பணியிடம் நுண்ணுயிரியலுக்குப் போய், அங்கே பல வருஷமாக என்னைப் போலவே தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் கேன்டீன் வாசலில் நின்று அழுதாள். நாங்கள் எல்லாரும் அவள் வாங்கிக் கொடுத்த ஜாங்கிரியைத் தின்றுகொண்டே, அடுத்தது நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

எங்கள் துறை சின்னது. துறைத் தலைவர் காதர் மைதீன் சார், இணைப் பேராசிரியர் ஜெசிந்தா மேடம், கௌரவ விரிவுரையாளன் நான். காதர் சாருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. பிள்ளைகள் வந்து உட்கார்ந்த வகுப்பு காலியாக இருக்கக்கூடாது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், சாவு என்றால், குழந்தைக்குக் காது குத்து என்றால், இன்னொருவர் கையில் சாக்பீஸோடு உள்ளே போய்விட வேண்டியது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை, ஆபீசுக்கும் சொல்வதில்லை. "பார்த்துக்கிட்டேன்" என்று ஒரு வார்த்தை, அதோடு சரி. என் அப்பா இறந்தபோது நான் போன நாட்கள் முழுக்க என் வகுப்புகளை எடுத்தவர் ஜெசிந்தா மேடம். திரும்பி வந்தபோது அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்க்காரர்கள் சாப்பாடு போட்டார்களா என்று மட்டும் கேட்டார்.

ஜெசிந்தா மேடம் வண்டற்பாறை பாடம் நடத்துவார். வண்டலும் களிமண்ணும் ஆற்றிலும் ஏரியிலும் படிந்து படிந்து கல்லான கதை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். அவர் கைப்பையில் எப்போதும் இரண்டு மூன்று கல் கிடக்கும். முதல் நாள் வகுப்பில் ஆளுக்கொரு சில்லைக் கையில் கொடுத்துக் கடிக்கச் சொல்வார். பிள்ளைகள் சிரிக்கும், நெளியும். பல்லில் நறநறவென்றால் வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. கண்ணை நம்பாதீங்க, கண்ணு ஏமாத்தும், பல்லு ஏமாத்தாது என்பார். மூன்று வருஷம் படித்ததை எல்லாம் மறந்துபோன பழைய மாணவர்கள்கூட, கல்லைக் கடித்ததை மட்டும் மறக்கமாட்டார்கள்.

அவருக்குத்தான் வந்தது. மார்பில் கட்டி என்றார்கள், சோதனை செய்தார்கள், புற்றுநோய்தான் என்றார்கள். மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் இருவரிடமும் வந்து சொன்னார். "என் பிள்ளைங்களைப் பார்த்துக்கோங்க" என்றார். பார்த்துக்கிறோம் மேடம், நீங்கள் உடம்பைப் பாருங்கள் என்றோம்.

முதலில் முறைப்படிதான் கேட்டோம். மேடத்தின் வகுப்புகளை நாங்கள் கூடுதலாக எடுக்கிறோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று நிறைகோலுக்கு எழுதினார் காதர் சார். கூடுதல் பணிக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும், அதற்கு ஒதுக்கீடு இல்லை, எனவே அனுமதி இல்லை என்று பதில் வந்தது. சம்பளம் வேண்டாம் என்று எழுதினார். சம்பளமில்லாத வேலையைப் பதிவு செய்ய விதி இல்லை என்று வந்தது. சரிதான் போ என்று விட்டுவிட்டு, பழைய வழக்கப்படி சாக்பீஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம்.

ஒரே ஒரு கஷ்டம். ஒதுக்கப்பட்ட ஆசிரியர் உள்ளே இல்லாத அறைக்கு நிறைகோல் மின்சாரம் விடாது. எங்கள் முகத்தை அதற்குத் தெரியும், ஆனால் அதன் கணக்கில் அந்த மணிநேரத்துக்கு அந்த அறையில் நாங்கள் இல்லை. ஆகவே ஃபேன் ஓடாது, விளக்கு எரியாது. கொளுத்தும் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினோம். காதர் சாருக்கு வயது அறுபதை நெருங்குகிறது, சர்க்கரை வேறு. ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். "பிள்ளைக விசிறிவிட்டுச்சுக அய்யணா, நோட்டை வச்சு" என்று சிரித்தார். எங்களுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. மேடம் இல்லாத குறை பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம், அல்லவா?

அந்தப் பெருமைதான் வினையாக வந்தது. பருவம் பாதியில் திட்டப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். ஜெசிந்தா மேடத்தின் இன்மை மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது. பருவ முடிவிலும் அப்படியே இருந்தால் பணியிடத்தை சரண்டர் செய்துவிடுவார்கள். புதிய சட்டத்தில் ஆளுக்கு நிரந்தரம் இல்லை, இடத்துக்குத்தான் நிரந்தரம். இடம் போனால் ஆள் பொதுத் தொகுப்புக்குப் போய், வேறு துறை கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சம்பளம் இல்லை, குவார்ட்டர்ஸ் இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை. அந்தக் காப்பீட்டில்தான் மேடத்துக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

நான் ஆதிரையிடம் கத்திவிட்டேன். வணிகவியல்காரனும் எங்கள் மேடமும் ஒன்றா, ரெண்டு பேருக்கும் ஒரே பூஜ்யமா, இது என்ன கணக்கு என்று. அவர் கோபப்படவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மேடம் விடுப்பில் போன நாளில் ஒரு புள்ளி. அதற்குப் பிறகும் மாணவர்களின் மதிப்பெண் கோடு நேராகப் போயிற்று, ஒரு மடிப்புகூட இல்லை.

"இதைப் பார்த்தா அதுக்கு என்ன தோணும் சார்? ஆசிரியர் இல்லை, யாரும் பதிலுக்குப் போகலை, ஃபேன்கூட ஓடலை. ஆனா பிள்ளைங்க நல்லாப் படிக்கிறாங்க. அப்ப அந்த இடம் எதுக்குன்னுதான் கேட்கும்."

நாங்கள் போனோம் என்று சொல்லுங்கள் என்றார் காதர் சார்.

"சொன்னேன் சார். அதுக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் சும்மா போய் நிப்பாங்கன்னு அதைச் செஞ்சவங்க யோசிக்கலை." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் சொன்னதா இருக்க வேண்டாம். நீங்க பார்த்துக்கிறதை நிறுத்துங்க. வகுப்பு காலியாக் கிடக்கட்டும். பிள்ளைங்க கொஞ்சம் சரியட்டும். அப்பத்தான் மேடம் வேணும்னு அதுக்குப் புரியும்."

திரும்பி நடந்தோம். துறை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் பாறைகளுக்குப் பக்கத்தில் காதர் சார் நின்றுகொண்டார். முப்பது வருஷமாக இந்த மனிதர் ஒரு வகுப்பைக் காலியாக விட்டதில்லை. கடைசியில், சரி, போகாமல் இருப்போம் என்றார். இன்னொன்றும் சொன்னார். இதை ஜெசிந்தாவிடம் சொல்லாதே, ஏற்கெனவே உடம்பு நொந்து கிடக்கிறது, வேலை போகப்போகிறது என்று வேறு தெரிந்தால் மனசு விட்டுவிடும் என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. நோயாளியிடம் நல்லதை மட்டும்தானே சொல்வோம். நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தானே.

போகாமல் இருப்பது, போவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மேடத்தின் மணிநேரம் வரும். மணி அடிக்கும். நாங்கள் இருவரும் துறை அறையில் எதிரெதிரே உட்கார்ந்து விடைத்தாள் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வந்து உட்காரும் சத்தம், பெஞ்சு இழுபடும் சத்தம், பிறகு பேச்சு, பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து போகும் செருப்புச் சத்தம். முத்துமாரி என்று ஒரு பெண். குவாரியில் கல் உடைக்கும் குடும்பம், அந்த ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் ஆள். அவள் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "சார், யாராச்சும் வர்றீங்களா?" என்று கேட்டாள். காதர் சார் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான், வேலை இருக்கும்மா என்றேன்.

கோடு சரியும் என்று காத்திருந்தோம். சரியவில்லை. வாரம் போயிற்று, அடுத்த வாரம் போயிற்று. ஆதிரை போன் செய்து, சார், நீங்கள் இன்னும் போகிறீர்களா என்று கேட்டார். சத்தியமாகப் போகவில்லை என்றேன். பின்னே எப்படி ஏறுகிறது என்றார். ஏறுகிறதா என்றேன். ஆமாம், சரியவில்லை என்பது மட்டுமில்லை, வண்டற்பாறையில் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகப் பதில் சொல்கிறார்கள் என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பழங்களை வாங்கிக்கொண்டு மேடத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து ஏற்றும் கூடத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஜன்னலோரம் இருந்தார். தலையில் முடி இல்லை, பூப்போட்ட துணி ஒன்றைக் கட்டியிருந்தார். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் போன். போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கடிச்சியா? நல்லாக் கடி. என்ன சொல்லுது பல்லு? எனக்கு இப்ப நாக்குல எதுவும் தெரியலைப்பா, எதைத் தின்னாலும் இரும்பு மாதிரி இருக்கு. நீதான் சொல்லணும்."

மறுமுனையில் முத்துமாரியின் குரல், ரெண்டுமே இருக்கு மேடம், முதல்ல வழுக்குது, அப்புறம் நறநறங்குது என்றது. மேடத்தின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தக் கூடத்தில் வேறு யார் முகத்திலும் நான் பார்க்கவில்லை. அப்படின்னா அந்த ஆத்துல என்னமோ மாறியிருக்கு, நிதானமாப் போய்க்கிட்டு இருந்த தண்ணி வேகம் பிடிச்சிருக்கு, ஏன்னு யோசிச்சு வைங்க, நாளைக்குப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

வகுப்புக்கு யாரும் வராத முதல் நாளே முத்துமாரி அவருக்கு போன் செய்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்த மணிநேரத்தில் பிள்ளைகள் எல்லாம் கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போனைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். மருந்து ஏறும் நாளாக இருந்தாலும் சரி, வாந்தி எடுத்துப் படுத்திருக்கும் நாளாக இருந்தாலும் சரி, இவர் எழுந்து உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறார். உங்களுக்கும் காதர் சாருக்கும் வேலை அதிகம் போல, பாவம், அதான் நானே பார்த்துக்கிட்டேன் என்றார்.

பார்த்துக்கிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என்ன காரியம் பண்ணிவிட்டீர்கள் மேடம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிறைகோல், கோடு, சரண்டர், காப்பீடு, நாங்கள் வேண்டுமென்றே போகாமல் இருந்தது, எல்லாவற்றையும். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"இதை ஏன் முதல்லயே எங்கிட்ட சொல்லலை?"

உங்கள் மனசு கஷ்டப்படக்கூடாது என்றுதான் என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது. முதலிலேயே சொல்லியிருந்தால் அவரே ஏதாவது வழி சொல்லியிருப்பார். பிள்ளைகளிடமாவது பேசி வைத்திருப்பார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்னும் நாள் இருக்கிறது மேடம், இன்றோடு நிறுத்திவிடுங்கள், பிள்ளைகளுக்கு நான் பிறகு சேர்த்து நடத்திக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"சரி, நிறுத்துறேன்" என்றார்.

நிறுத்தவும் செய்தார். முத்துமாரி போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கோடு முதல் தடவையாகக் கீழே வளைந்தது. ஆதிரை எனக்குச் செய்தி அனுப்பினார். நானும் காதர் சாரும் டீ வாங்கிக் குடித்தோம். பிள்ளைகள் சறுக்கியதற்கு டீ வாங்கிக் குடித்த வாத்தியார்கள் இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

வளைந்த கோடு திரும்பவும் நிமிர்ந்துவிட்டது. நான் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மேடம் என் முகத்தைப் பார்த்ததுமே சொன்னார். போனில் மேடம் கிடைக்காமல், முத்துமாரி பஸ் பிடித்து நேரே வந்துவிட்டாளாம். கையில் ஒரு கல். மேடம், நான் இதைக் கடிச்சுப் பார்த்துட்டேன், எனக்குத் தெரியலை, நான் மக்கு, நான் குவாரிக்கே போயிடுறேன் என்று நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அன்றே மேடம் மறுபடி பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார்.

"அவ ஒண்ணும் தெரியாமப் போனாத்தான் நான் வேணுங்கிறது அதுக்குத் தெரியும்னா, எனக்கு அப்படி ஒரு வேலை வேண்டாம் அய்யணன்."

சிகிச்சை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை நான் பார்த்துக்கிறேன் என்று முடித்துவிட்டார்.

பருவம் முடிந்தது. வண்டற்பாறையில் எங்கள் பிள்ளைகள் ஒருவர்கூடத் தவறவில்லை. பணியிடம் சரண்டர் ஆயிற்று. அதை விலங்கியல் துறைக்குக் கொடுத்தார்கள். அங்கே இருந்தவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவர் வகுப்பில் இன்னொருவர் எட்டியும் பார்க்கமாட்டார், யார் விடுப்பு எடுத்தாலும் பிள்ளைகள் அம்போ என்று நிற்கும். ஆகவே அங்கே எல்லாருடைய இன்மை மதிப்பும் மலையாக ஏறிக் கிடந்தது. ஆள் தேவை அங்கேதான் என்று நிறைகோல் முடிவு செய்துவிட்டது.

மேடம் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று நாங்கள்தான் சாமான் ஏற்றினோம். நாசரேத்தில் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரிக்கு, அங்கே இந்த மருந்து இல்லை, வேறு மருந்து. கல்லையெல்லாம் துறையிலேயே விட்டுவிட்டுப் போனார். மழைக்காலம் தொடங்கும்போது காதர் சாருக்கு மேடத்தின் தம்பி போன் செய்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். திறக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. முத்துமாரியும் வந்திருந்தாள், குழியில் மண்ணோடு ஒரு சின்னக் கல்லையும் போட்டாள்.

அந்த ஆண்டு வண்டற்பாறையை யாரும் நடத்தவில்லை. பணியிடமே இல்லாத பாடத்தைப் பலகைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. எங்களுக்கும் வீம்பு, போகவில்லை. போன் எடுத்துப் பேச மேடமும் இல்லை. புதிதாக வந்த பிள்ளைகள் படத்தில் கல்லைப் பார்த்தார்கள். கோடு சரிந்தது. வண்டற்பாறையில் மட்டுமில்லை, எல்லாப் பாடத்திலும் சரிந்தது. நிலவியலே வேண்டாம் என்று மாற்றிக்கொண்டு போனவர்கள் ஒரு பக்கம், படிப்பையே விட்டுப் போனவர்கள் ஒரு பக்கம். நிறைகோல் காரணம் தேடியிருக்க வேண்டும். தேடிக் கண்டுபிடித்தும்விட்டது.

ஆணை வந்த அன்று காதர் சார்தான் சத்தமாகப் படித்தார். நிலவியல் துறையின் வண்டற்பாறைப் பணியிடம், இப்பல்கலைக்கழகத்திலேயே இன்மை மதிப்பு மிக அதிகமான பணியிடம். அது உடனடியாக மீட்கப்படுகிறது. பாதிப்பை ஈடுசெய்யத் தகுதியான, அனுபவமுள்ள அய்யணன் அதில் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும் அதுக்கு" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். வீட்டில் மகள் இருக்கிறாள், மே மாதம் இருக்கிறது. நான் வாங்கிக்கொண்டேன். ஜாங்கிரி வாங்கவில்லை. முதல் நாள் மேடத்தின் வகுப்புக்குள் நுழைந்ததும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. விளக்கு எரிந்தது. புழுக்கத்தில் எத்தனையோ நாள் நின்ற அறையில் காற்று வந்தது. பாடத்தைத் தொடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

போன மாதம் என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தேன். திரும்பி வந்த அன்று காதர் சார், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் அவருக்கு, எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கவலைப்படாத அய்யணா. உன் கிளாஸ் பக்கம் ஒருத்தரும் தலைவச்சுப் படுக்கலை. நானும் போகலை, புதுசா வந்த வாத்தியார் பையனையும் போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன். கோடு நல்லா இறங்கியிருக்கு. உன் வேலைக்கு இனி ஒண்ணும் ஆகாது."

"ரொம்ப நன்றி சார்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். இப்போது எங்கள் துறையில் ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் பிரியத்தை இப்படித்தான் காட்டிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொன்னார். முத்துமாரி, இப்போது முதுகலை இரண்டாம் ஆண்டு, அவள் மட்டும் நான் இல்லாத நாளில் உள்ளே போய் நின்றிருக்கிறாள். ஃபேன் ஓடாத அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலாண்டுப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சில்லைக் கொடுத்துக் கடிக்கச் சொல்லியிருக்கிறாள். காதர் சார் கூப்பிட்டு, உங்க சார் வேலைக்கு உலை வைக்கப் பாக்குறியா என்று திட்டி அனுப்பியிருக்கிறார்.

நான் வகுப்புக்குப் போகும் வழியில் பாறைகளுக்குப் பக்கத்தில் அவள் எனக்காகக் காத்து நின்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சாரி சார். பிள்ளைங்க சும்மா உட்கார்ந்திருந்துச்சுங்க, அதான் பார்த்துக்கிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன் சார்."

அவளிடம் சொல்ல எனக்கு எத்தனையோ இருந்தது. உள்ளே பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"பரவாயில்லம்மா" என்றேன். "இனிமே பண்ணாத."